கடலூர்–பாண்டி போக்குவரத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 25 கி.மீ.கூட இல்லை. வேலைக்கு, கல்லூரிக்கு, ஜிப்மருக்கு, துணி எடுக்க, சம்பந்தி வீட்டுக்கு என்று தினமும் இரண்டு பக்கமும் ஆட்கள் போய்வருகிறார்கள். மக்களுக்கு இது ஒரே ஊர். அரசுக் கோப்பில் மட்டும் இரண்டு மாநில எல்லை. பஸ் கூட்டமாக வருவதற்கும், டிக்கெட் விலை மாறுவதற்கும், புகார் கொடுத்தால் "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்வதற்கும் பாதிக் காரணம் அந்த எல்லைக்கோடுதான். அடிக்கடி வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, சட்டம் என்ன, செய்ய வேண்டியது என்ன, எங்கள் கருத்து என்ன என்று இங்கே எழுதியிருக்கிறோம்.

சாயங்காலம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கூடுதலாக நாலு பஸ் விட ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்?

தயக்கம் ஒரு பங்குதான். பெரிய முட்டுக்கட்டை பெர்மிட். மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் கொடுத்த பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்லாது. அந்த மாநிலமும் மேலொப்பம் போட்டால்தான் செல்லும். கடலூரில் புறப்படும் பஸ் ரெட்டிச்சாவடியைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. அதனால் இந்தத் தடத்தில் எத்தனை பஸ் ஓடலாம் என்பதை தமிழ்நாடும் புதுச்சேரியும் செய்துகொள்ளும் பரஸ்பர ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. விழுப்புரம் கோட்டத்து டிப்போ மேலாளருக்கு மனசு இருந்தாலும் தன்னிச்சையாக ஒரு சர்வீஸைக் கூட்ட முடியாது. புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கும் அதே கட்டுதான்.

இது தெரியாமல்தான் வருஷக்கணக்கில் மனுக்கள் வீணாகின்றன. கடலூர் கலெக்டரிடம் கொடுத்த மனுவுக்கு "தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வரும். புதுச்சேரியில் கொடுத்ததற்கு "தமிழ்நாடு அரசின் ஒப்புதல் தேவை" என்று வரும். இரண்டுமே பொய் இல்லை. பாதி அதிகாரம் உள்ள இரண்டு இடங்களில் தனித்தனியாகக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

அதே 88-ஆம் பிரிவில் பொதுமக்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு அரசுகளும் பெர்மிட் எண்ணிக்கையை நிர்ணயிக்க ஒப்பந்தம் செய்யப் போகிறபோது, அந்த வரைவை அரசிதழிலும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். கருத்துகளைப் பரிசீலிக்கும் தேதி, அரசிதழில் வெளியான நாளிலிருந்து குறைந்தது 30 நாள் தள்ளி இருக்க வேண்டும். பஸ் முதலாளிகள் அந்த 30 நாளை ஒருபோதும் தவறவிடுவதில்லை. பயணிகள் பக்கத்திலிருந்துதான் ஒரு தாள்கூடப் போவதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மனு எழுதுகிறோம். அதில் என்ன இருக்க வேண்டும்?

"பஸ் வசதி இல்லை, ஆவன செய்யுங்கள்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். எண்ணிக்கை இருந்தால்தான் அதிகாரி கையில் அது ஆவணமாகும். ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, ஒரே ஸ்டாப்பிங்கில் மாலை 5.30 முதல் 8.30 வரை நின்று எழுதுங்கள். தவளக்குப்பம் அல்லது அரியாங்குப்பம் சரியான இடம். பஸ் எண், வந்த நேரம், அரசா தனியாரா, நின்றதா நிற்காமல் போனதா, ஏற முடியாமல் எத்தனை பேர் விடப்பட்டார்கள் என்று அட்டவணையில் ஐந்தே பத்தி போதும். இரண்டு பேர் முறை வைத்து நின்றால் யாருக்கும் சுமை இல்லை.

பிறகு கோரிக்கையைக் குறிப்பாக வையுங்கள்: "மாலை 6.40 முதல் 7.30 வரை சாதாரணக் கட்டண பஸ் இல்லை. அந்த இடைவெளியில் 2 சர்வீஸ் வேண்டும்." ஒரே மனுவை இரண்டு அரசின் போக்குவரத்துத் துறைச் செயலருக்கும் அனுப்பி, இன்னாருக்கும் அனுப்பியிருக்கிறோம் என்று அடியில் எழுதிவிடுங்கள். ஒருவர் மற்றவர் மேல் சாட்டும் வசதி அந்த ஒரு வரியில் குறைகிறது. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எந்த பஸ்ஸில் ஏறினால் நல்லது?

அவசரம் என்றால் இடைநில்லாப் பேருந்து, நம் ஊர்ப் பேச்சில் பாயிண்ட் டு பாயிண்ட். வழியில் இறங்குபவர்கள் அதில் ஏறிவிட்டு, கிருமாம்பாக்கத்தில் நிறுத்தச் சொல்லி கண்டக்டரிடம் சண்டை போடுவதைத் தினம் பார்க்கலாம். அவர் நிறுத்தினால் அவருக்கு மெமோ. முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி இறங்குபவர்களுக்குச் சாதாரண பஸ்தான். தமிழ்நாட்டில் 2018 ஜனவரியில் திருத்தப்பட்ட கட்டணத்தில் சாதாரண வெளியூர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 58 பைசா. புதுச்சேரிக்குத் தனிக் கட்டண ஆணை. அதனால் ஒரே தூரத்துக்கு இரண்டு பஸ்ஸில் இரண்டு விலை இருந்தால் உடனே ஏமாற்று என்று எண்ண வேண்டாம். ஆனால் டிக்கெட்டில் அச்சான தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கேள்வி கேளுங்கள்.

பாண்டிக்குள் நுழைகிற வழியையும் கேட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. முருங்கப்பாக்கம் தாண்டி மரப்பாலத்தில் வழி பிரிகிறது. முதலியார்பேட்டை வழியாகப் போகும் பஸ் ஏஎஃப்டி (பழைய பஞ்சாலை) ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். நூறடிச் சாலை வழியாகப் போவது மேம்பாலம் ஏறி இந்திரா காந்தி சிலை பக்கம் வந்து பஸ் ஸ்டாண்டு சேரும். நெல்லித்தோப்பு இறங்குபவருக்கு இரண்டாவது வழி லாபம்.

பெண்களுக்கு இலவசப் பயணம் பாண்டி வரை உண்டா?

தமிழ்நாட்டின் மகளிர் விடியல் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அது தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். வெளியூர் பஸ், இடைநில்லா பஸ், தனியார் பஸ், புதுச்சேரி அரசு பஸ் எதிலும் அந்தச் சீட்டு செல்லாது. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் என்று எழுதியிருக்கும், பல பஸ்களுக்கு முன்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணமும் அடித்திருப்பார்கள். சந்தேகம் என்றால் ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்டணமில்லாச் சீட்டையும் வாங்கத்தான் வேண்டும். சீட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பரிசோதகர் வரும்போது கண்டக்டருக்கும் உங்களுக்கும் தொல்லை.

எங்கள் கருத்து: மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டியில் கடை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, கடலூருக்குள்ளேயே வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் சலுகை கிடைக்கவில்லை. அவர் சம்பளம் ஒன்றும் கூடுதல் இல்லை. இரண்டு அரசும் செலவைப் பங்கு போட்டு, இந்தத் தடத்துச் சாதாரண பஸ்களில் பாதிக் கட்டண மாதப் பாஸாவது கொடுக்க வேண்டும். முழு இலவசம் கேட்டுப் பத்து வருஷம் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் கைகூடும்.

குழந்தைக்கு டிக்கெட் எத்தனை வயதிலிருந்து?

தமிழ்நாடு அரசு பஸ்ஸில் 5 வயதுக்குள் இலவசம், 5 முதல் 12 வரை அரை டிக்கெட். முன்பு 3 வயது என்றிருந்தது, 2022-இல் மாற்றினார்கள். வயதுச் சான்றின் படம் ஒன்று போனில் இருந்தால் வாக்குவாதம் இல்லை.

தனியார் பஸ்கள் ஏன் இப்படிப் பறக்கின்றன? யாரிடம் சொல்வது?

ஸ்டாண்டிலிருந்து ஊர்ந்து வெளியே வரும், ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் ஆள் சேரும்வரை நிற்கும், பிறகு தவளக்குப்பம் தாண்டியதும் காற்றில் பறக்கும். டிரைவரின் குணத்தை மட்டும் குறை சொல்லி இதைப் புரிந்துகொள்ள முடியாது. தனியார் பஸ்ஸில் பல இடங்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படி அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்தது. முன்னால் போகும் பஸ்ஸுக்கும் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் நடுவே சில நிமிட இடைவெளிதான். ஆள் ஏற்ற நின்ற நேரத்தை வேகத்தில் ஈடுகட்ட வேண்டும். தாமதமானால் டைம் கீப்பரிடம் சண்டை, பின்னால் வந்த பஸ்காரரோடும் சண்டை. கலெக்‌ஷன் படியை ஒழித்து நிலையான சம்பளம் கொடுக்காதவரை வேகத் தடை போட்டுப் பயனில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

புகார் கொடுக்க முதல் வேலை டிக்கெட்டைப் படம் எடுப்பது. மெஷின் டிக்கெட் வெப்பத்தாள். சட்டைப்பையில் வியர்வை பட்டால் மறுநாள் வெள்ளைத்தாள் ஆகிவிடும். டிக்கெட் எண், தேதி, நேரம், ஏறிய இறங்கிய இடம் எல்லாம் அதில் இருக்கும். சில தனியார் பஸ்ஸில் கிழித்துக் கொடுக்கும் பழைய சீட்டுதான். அப்போது வண்டி எண்ணை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். டி.என். 31 என்றால் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், பி.ஒய். 01 என்றால் புதுச்சேரி போக்குவரத்துத் துறை. வேகத்தோடு ஏர் ஹாரனும் சேர்ந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். பல சுருதியில் அலறும் ஹாரன்களை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. ஹாரன் வண்டியிலேயே இருக்கும், எடுத்துக் காட்டிவிடலாம். வேகத்தை நிரூபிப்பதுதான் கடினம். அதனால் ஹாரன் புகாரில் நடவடிக்கை சீக்கிரம் வரும்.

தமிழ்நாடு அரசு பஸ் என்றால் 149-க்கு போன் செய்யலாம். நிறுத்தாமல் போனது, மீதிச் சில்லறை தராதது, தகாத பேச்சு எல்லாவற்றையும் அங்கே பதிவு செய்கிறார்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கடலூரிலிருந்து ஜிப்மருக்கு நேராகப் போக வழி?

பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ்ஸோ டெம்போவோ பிடித்து கோரிமேடு போவதுதான் பெரும்பாலோர் வழக்கம். நோயாளியோடு போகும்போது அந்த மாறுதல் பெரிய அலைச்சல். அதற்குப் பதில், திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் கடலூர் பஸ் ஜிப்மர் வாசலைத் தாண்டித்தான் போகும். "ஜிப்மரில் நிற்குமா?" என்று கேட்டு ஏறுங்கள். ஈசிஆர் வழியாகப் போகும் சென்னை பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள். அது ராஜீவ் காந்தி சிலையில் பிரிந்து காலாப்பட்டு பக்கம் போய்விடும். காலையில் சீட்டுப் பதிவு வரிசை நீளமாக இருக்கும். முதல் பஸ்ஸைப் பிடிப்பவர்கள்தான் மதியத்துக்குள் திரும்புகிறார்கள்.

ரயிலில் போக முடியாதா?

நேர் பாதை இல்லை. புதுச்சேரி ரயில் பாதை 1879-இல் விழுப்புரத்திலிருந்து போடப்பட்டது, புதுச்சேரியிலேயே முடிகிறது. கடலூரிலிருந்து ரயிலில் போக வேண்டுமென்றால் விழுப்புரம் போய் வண்டி மாற வேண்டும், கிட்டத்தட்ட 80 கி.மீ. சுற்று. சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் என்று கடலோரப் பாதைத் திட்டம் பல ரயில்வே பட்ஜெட்டுகளில் வந்து போனது. கடலோரம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட, புதுச்சேரி–கடலூர் துண்டை முதலில் கேட்க வேண்டும். மிகக் குறைந்த தூரம், மிக அதிகப் பயணிகள்.

கடலூரில் ரயில் ஏறுபவர்கள் செய்யும் தவறு ஒன்று. ஊரில் இரண்டு முக்கிய நிலையங்கள் உண்டு. புதுநகர், மஞ்சக்குப்பம் பக்கத்தினருக்குத் திருப்பாதிரிப்புலியூர். முதுநகர் பக்கத்தினருக்குக் கடலூர் துறைமுகம் சந்திப்பு. டிக்கெட்டில் டி.டி.பி.ஆர். என்றிருந்தால் முதலாவது, சி.யு.பி.ஜே. என்றிருந்தால் இரண்டாவது. சில விரைவு வண்டிகள் ஒன்றில் மட்டும் நிற்கும். "கடலூர்" என்று தட்டிவிட்டு முதலில் வந்த பெயரை அழுத்தியவர்கள் நள்ளிரவில் முதுநகரில் இறங்கி ஆட்டோவுக்கு அலைகிறார்கள்.

புதுச்சேரியில் கட்டப்போகும் மேம்பாலம் நெரிசலைத் தீர்க்குமா?

இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் இடையே ஏறக்குறைய 4 கி.மீ. உயர்மட்டப் பாலத்துக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். கடலூரிலிருந்து திண்டிவனம் போகும் லாரிக்கும் காருக்கும் இது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பஸ் பயணி பாலத்தின் மேல் போகப்போவதில்லை. கீழே நின்றுதான் ஏறப் போகிறார். பாலத் தூண்களுக்கு இடையில் பஸ் நிற்க ஒதுக்கிடம், நிழல், சாலையைக் கடக்க இடம் எல்லாம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடித்தபிறகு கேட்டால் ஒரு தகரக் கூரைதான் கிடைக்கும். மழைநீர் வடிகால் அதைவிட முக்கியம். இந்திரா காந்தி சிலை சந்திப்பில் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கிறது.

ஏஎஃப்டி கேட்டில் காத்திருப்பவர்களுக்கு இந்தப் பாலத்தால் எந்தப் பயனும் இல்லை. அந்தக் கேட்டுக்குத் தனி மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வேண்டும். ரயில் வரும்போதெல்லாம் கடலூர் சாலை அங்கே அடைபடுகிறது. 108 வண்டியும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

கடலூர் பஸ் ஸ்டாண்டை எம்.புதூருக்கு மாற்றுவது சரியா?

வெளியூர் பஸ்கள் லாரன்ஸ் ரோட்டு நெரிசலுக்குள் வந்து போவது யாருக்கும் நல்லதல்ல என்பது உண்மை. ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது கடலூருக்குக் கிடைத்த வரம். இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் அடுத்த வண்டி. எத்தனையோ ஊர்கள் கோடிக்கணக்கில் செலவு செய்தும் இதைப் பெற முடியவில்லை. நீண்டதூர பஸ்கள் வெளியே போகட்டும். பாண்டி, சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் பஸ்களும் டவுன் பஸ்ஸும் இங்கேயே இருக்க வேண்டும். பாண்டிக்கு முக்கால் மணி நேரப் பயணம் போகிறவரை, அரைமணி நேரம் எதிர்த்திசையில் பயணம் செய்து ஸ்டாண்டு சேரச் சொல்லக் கூடாது.

எங்கள் தெருவில் பஸ் நிழற்குடை உடைந்து கிடக்கிறது. கவுன்சிலரிடம் சொல்லலாமா?

கடலூரில் சொல்லலாம். 2021-இல் மாநகராட்சியானது, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து 45 வார்டுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். புதுச்சேரியில் அந்த வழியே இல்லை. அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் மறுபடி நடக்கவில்லை. நிழற்குடைக்கும் குண்டுகுழிக்கும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்த 30 பேர் சட்டமன்றத்தில் பேச வேண்டிய பேச்சு வேறு. சாக்கடை மூடி அவர்கள் வேலையாக இருக்கக் கூடாது. மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் மேல் தீர்மானம் போடுகிறார்கள், அந்தக் கோரிக்கையை நாங்களும் ஆதரிக்கிறோம். ஆனால் டெல்லியிடம் அதிகாரம் கேட்பவர்கள் வார்டு மக்களுக்கும் அவர்கள் அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட எந்தக் கட்சி சொல்லும் காரணமும் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை.

ஹெல்மெட் விதி இரண்டு பக்கமும் ஒன்றுதானா?

ஒன்றுதான். அபராதம் 1,000 ரூபாய். சட்டப்படி 3 மாதம் லைசென்ஸையும் நிறுத்தி வைக்கலாம். பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். புதுச்சேரியில் 2025 ஜனவரியிலிருந்து கெடுபிடி கூடியிருக்கிறது. கன்னியக்கோயிலில் மாட்டி முருங்கப்பாக்கத்தில் கழற்றுபவர்களுக்கு: தாடைப் பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் பறந்துவிடும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி.

பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு. கடலூரிலிருந்து போய்ப் போடலாமா?

போகிற வழியில் போடலாம்; அதற்காகவே போகக் கூடாது. கணக்கு எளிது. கன்னியக்கோயில் பக்கம் போய்வர 16 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 48 கி.மீ. தரும் வண்டியில் போய்வரச் செலவு மூன்றில் ஒரு பங்கு லிட்டர், 30 ரூபாய்க்கு மேல். லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம் என்றால் 5 லிட்டருக்கு 20 ரூபாய். கேனில் வாங்கிவருவது ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஏன் எல்லோரையும் சோதிக்கிறார்கள்?

புதுச்சேரியிலிருந்து மது பாட்டில் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கொண்டுவரும் வண்டியைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. யாரோ மறந்து வைத்த பையை "பார்த்துக்கோங்க" என்று மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சோதனை தேவைதான். ஆனால் மாலை நேரத்தில் அறுபது பயணிகள் உள்ள பஸ்ஸைப் பத்து நிமிடம் நிறுத்துவதால் பெரிய கடத்தல் நிற்பதில்லை. பஸ்ஸை ஓரம்கட்ட ஒரு தனி வரிசையும் கூடுதலாக இரண்டு காவலரும் கொடுத்தால் பாதி நேரத்தில் வேலை முடியும்.

பி.ஒய். எண் வண்டியைக் கடலூரில் வைத்து ஓட்டலாமா?

12 மாதம் வரை ஓட்டலாம். அதற்கு மேல் கடலூரிலேயே வைத்திருந்தால் 47-ஆம் பிரிவுப்படி மறுபதிவு செய்ய வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் முதலில் அவர்களின் சம்மதக் கடிதம். அடுத்து படிவம் 28-இல் புதுச்சேரியில் தடையில்லாச் சான்று. பிறகு தமிழ்நாட்டு வரியைக் கட்டி, படிவம் 27-இல் புது எண்ணுக்கு விண்ணப்பம். பலரும் சிக்கிக்கொள்வது இன்சூரன்ஸில்: புது எண் வந்தபிறகு பாலிசியில் மாற்றாமல் விட்டுவிட்டு, விபத்து நடந்தபின் ஓடுகிறார்கள்.

கடலூர் பையன் புதுச்சேரி அணிக்கு கிரிக்கெட் ஆட முடியுமா?

புதுச்சேரிக்குத் தனிச் சங்கம். பிசிசிஐ இணைப்பு கிடைத்து 2018–19 முதல் ரஞ்சி ஆடுகிறது. கடலூர், தமிழ்நாடு சங்கத்தின் கீழ். அந்தப் பக்கம் ஆட வேண்டுமென்றால் இருப்பிடத் தகுதி வேண்டும். உறவினர் வீட்டு முகவரியை வைத்துச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறேன் என்பவர்களை நம்பினால் பையனின் எதிர்காலமே பாழாகும். வெளியிலிருந்து வந்து ஆடுபவர்களால் பாகூர், வில்லியனூர் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதில்லை என்ற குறையில் நியாயம் இருக்கிறது. பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு என்பதில் சங்கம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எல்லைக்குப் பக்கத்தில் விபத்து. எந்தப் போலீஸ், எந்த ஆஸ்பத்திரி?

முதலில் 112 அல்லது 108. எல்லையைப் பற்றி யோசிக்காதீர்கள். புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. "இது கிருமாம்பாக்கம் லிமிட், அங்கே போங்க" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

சிகிச்சைச் செலவுக்கு, காயம்பட்டவருக்கு 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், காயம்பட்டவர் எந்த ஊராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டமும் உண்டு. இங்கேதான் எல்லை முக்கியமாகிறது. விபத்து நடந்த இடத்தை, பக்கத்துக் கடைப் பலகையோ கிலோமீட்டர் கல்லோ தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும். விபத்து நடந்த இடத்து நீதிமன்றத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலும் போடலாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் தனி இழப்பீடு.

புயல், மழை நாளில் என்ன செய்வது?

2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல். இரண்டுமே இந்தப் பகுதியில்தான் கரை கடந்தன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை விட்டதும் ஆபத்து முடிந்தது என்று கிளம்பாதீர்கள். தென்பெண்ணையில் தண்ணீர் வருவது சாத்தனூர் அணை திறப்பைப் பொறுத்தது. வெயில் அடிக்கும்போதும் ஆற்றில் வெள்ளம் இருக்கும். அணை திறப்புச் செய்தி வந்தால் பாலம் கடக்கும் பயணத்தை ஒரு நாள் தள்ளிவையுங்கள். பாண்டிக்குள் ரெயின்போ நகர் பக்கம் இருசக்கர வண்டி வேண்டாம். தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள், உள்ளே தண்ணீர் ஏறினால் எஞ்சின் வேலை வந்துவிடும்.

மனுவுக்குப் பதிலே வரவில்லை. அடுத்து?

தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பலாம். புதுச்சேரிக்கு போஸ்டல் ஆர்டர் வைப்பது வசதி. "ஏன் பஸ் விடவில்லை?" என்று காரணம் கேட்காதீர்கள், அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: கடலூர்–புதுச்சேரி தடத்தில் இப்போது அமலில் உள்ள பரஸ்பர ஒப்பந்தத்தின் நகல், இரு தரப்புக்கும் ஒதுக்கிய சர்வீஸ் எண்ணிக்கை, அதில் இன்று உண்மையில் ஓடும் எண்ணிக்கை, எங்கள் இன்ன தேதி மனுவின் மேல் எழுதிய கோப்புக் குறிப்பு. ஒதுக்கியதற்கும் ஓடுவதற்கும் வித்தியாசம் தெரிந்தால், புது ஒப்பந்தத்துக்குக் காத்திருக்காமல் நின்றுபோன சர்வீஸை ஓட்டச் சொல்லிக் கேட்கலாம்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் இரண்டாவது. தமிழ்நாட்டுத் துறை என்றால் மாநிலத் தகவல் ஆணையம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். முகவரியை மாற்றி அனுப்பினால் மாதங்கள் வீணாகும்.